சோப்புப் பெட்டியோடு போன எட்டாம் வகுப்பு

பள்ளி நூலகங்களுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், சென்ற மாதம் ஒரு பை நிறையப் புத்தகங்களை என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனீர்கள். இளையோருக்காக அண்மையில் வந்தவை, படித்துவிட்டு அபிப்பிராயம் சொல்லுங்கள் மேம் என்றீர்கள். படித்தேன். அதிர்ந்து போயிருக்கிறேன். ஓய்வு பெற்ற நூலகர்களுக்கு எதைப் பார்த்தாலும் அதிர்ச்சிதான் என்று உங்களுக்குள் பேசிக்கொள்வீர்கள். பேசிக்கொள்ளுங்கள். ஆனால் நான் எல்லாவற்றையும் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் அதிர்ந்தேன். நம் தொழிலில் அதுவே இப்போது அரிது.

முதலில் அந்த நீலநிற அட்டை நாவல். கதாநாயகிக்குப் பதினோரு வயது. கடைசி அத்தியாயத்தில் அம்மா, அப்பா, மாமா, தலைமையாசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஊரிலுள்ள பெரியவர்கள் அத்தனை பேரும் வரிசையாக வந்து அவளிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். நாயைத் தவிர யாரும் பாக்கி இல்லை. நம் பள்ளி மாணவி ஒருத்தி இதைப் படித்துவிட்டு வீட்டில் காத்திருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது தமிழ்ச் சிறுவர் கதைத் தொகுப்பு. அதில் ஒரு பையன் காலையில் கிளம்பும்போது, "தாயே, நான் பள்ளிக்குச் சென்று வருகிறேன்" என்கிறான். நம் பிள்ளைகள் வீட்டில் மட்டும்தான் தமிழ் பேசுகிறார்கள், அதுவும் பாதி ஆங்கிலம். அவர்களுக்கென்று நாம் வைத்திருக்கும் ஒற்றைத் தமிழ் அடுக்கில் இந்தப் பையனை நிற்க வைத்தால், பக்கத்து அடுக்கில் இருக்கும் ஆங்கில மாயாவிகளிடம் அவன் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான்? படப் புத்தகம் ஒன்றின் பின்பக்கத்தில் ஆசிரியர்களுக்கான கேள்விகள் இருந்தன. கதையைவிடக் கேள்விகள் நீளம்.

நல்ல அதிர்ச்சியும் ஒன்று கிடைத்தது. முழுக்க முழுக்கக் கைப்பேசிக் குறுஞ்செய்திகளாலேயே எழுதப்பட்ட நாவல். இதெல்லாம் ஒரு புத்தகமா என்றுதான் பிரித்தேன். தங்கையை இழந்த ஒரு பெண், தங்கையின் எண்ணுக்கே செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறாள். பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் படித்தேன். அதை வாங்குங்கள். இரண்டு பிரதி வாங்குங்கள்.

ஆனால் இதை எழுத உட்கார வைத்தது, பையின் அடியில் கிடந்த புத்தகம். அதை எனக்கு முன்பே தெரியும். என் பணியின் கடைசி ஆண்டில் எங்கள் பள்ளிக்குள் வந்தது அது. அதைப் பற்றிய என் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டுமானால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நாவலின் கதை எளிது. பெயர் சொல்லப்படாத ஒரு வளைகுடா நகரம். வசதியான வீட்டுப் பெண் ஒருத்தி, கராஜில் வேலை செய்யும் ஒரு தொழிலாளியைத் தினமும் பள்ளிப் பேருந்திலிருந்து பார்க்கிறாள். அவர்மேல் இரக்கம் கொள்கிறாள். தன் மதிய உணவைக் கொடுக்கிறாள், தண்ணீர் கொடுக்கிறாள், முடிவில் அவர் ஊர் திரும்ப உதவுகிறாள். பரிசுகள் வாங்கிய நாவல். அட்டையில் தங்க வட்டங்கள் பளபளத்தன.

இந்த வளைகுடா ஊரில் நம் பள்ளிகளில் புத்தகம் அலமாரிக்குப் போகும் முன் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் உங்களுக்கு இதற்குள் பழகியிருக்கும். பன்றி இருக்கிறதா, மது பாட்டில் இருக்கிறதா, நீச்சலுடை இருக்கிறதா, வரைபடத்தில் கடலுக்கு 'அரேபிய வளைகுடா' என்றே பெயர் போட்டிருக்கிறதா. நானே ஒரு பண்ணைக் கதையில் பன்றிகள்மேல் ஆட்டுக்குட்டி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். பிள்ளைகள் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்துச் சிரிப்பார்கள். இந்த நாவலில் ஸ்டிக்கருக்கு வேலையே இல்லை. தேர்வுக் குழுவில் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார்கள். அந்தத் தொழிலாளி நன்றி சொல்வதைத் தவிர வேறெதற்கும் வாய் திறப்பதில்லை, யாரையும் கிண்டல் செய்வதில்லை, யாரோடும் சண்டை போடுவதில்லை, அப்படி ஒரு மனிதரை நான் கராஜில் பார்த்ததில்லை என்றேன். அது இலக்கிய அபிப்பிராயம் மேம், ஆட்சேபணை அல்ல என்றார்கள். வாக்கெடுப்பில் தோற்றேன். நடைமுறைப்படி தோற்றதால் நடைமுறைப்படி நூலக முத்திரை குத்தி அடுக்கினேன்.

எட்டாம் வகுப்புப் பெண்கள் பிரிவுக்கு ஆங்கிலம் எடுத்தவள் ரம்யா. கோயம்புத்தூர்ப் பெண், வேலைக்கு வந்து இரண்டாம் ஆண்டு, நல்ல மனசு. அவள் இந்த நாவலை வகுப்பில் வாசிக்க வைத்தாள். வாசிப்போடு நிற்கவில்லை. ஆளுக்கொரு 'கைண்ட்னெஸ் பாக்ஸ்' செய்ய வைத்தாள். ஒரு தொப்பி, சோப்பு, பிஸ்கட், வெயிலுக்கு உப்புக் கரைசல் பொட்டலம், கையால் எழுதிய ஓர் அட்டை. இவற்றை ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கராஜ் சந்துக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது என்று திட்டம். இங்கே அனுமதியில்லாமல் தர்மம் செய்யக் கூடாது என்பது தெரிந்து, உரிமம் பெற்ற ஓர் அறக்கட்டளை வழியாகவே ஏற்பாடு செய்திருந்தாள். பேருந்தில் மூத்த பெண் ஊழியர் ஒருவர் போக வேண்டும் என்பது விதி. என் பெயரைப் போட்டிருந்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள், மதிய இடைவேளையில், அந்த வகுப்பில் படிக்கும் கீர்த்தனா நூலகத்துக்கு வந்தாள். அதிகம் பேசாத பெண். புத்தகம் எடுக்காமல் என் மேசை முன்னால் நின்றாள்.

"மேம், நாளைக்கு நான் இங்கயே இருந்துக்கட்டுமா? ரிட்டர்ன் புக்ஸ் எல்லாம் அடுக்கித் தரேன்."

"நாளைக்கு உங்க க்ளாஸ் ட்ரிப் ஆச்சே."

"எனக்கு வயிறு வலிக்கும்."

"நாளைக்கு வலிக்கப் போறது இன்னைக்கே தெரியுதா?"

அவள் சிரிக்கவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அந்த லைன்ல எங்க அப்பா வேலை செய்யற கராஜ் இருக்கு மேம். அப்பா அங்க ஃபோர்மேன்."

எனக்குச் சட்டென்று விளங்கியதாக நினைத்துக்கொண்டேன். இப்படிப்பட்ட நேரத்தில் சொல்ல வேண்டியதை ஆரம்பித்தேன். "இங்க பாரும்மா, எந்த வேலையும் கேவலம் இல்ல..."

"மேம்!" அவள் குறுக்கிட்டாள். "எனக்கு ஷேம் எல்லாம் இல்ல. எங்க அப்பா சூப்பர். அவருக்கு பாக்ஸ் குடுப்பாங்க மேம். உள்ள கார்ட்ல, 'டியர் அங்கிள், உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது'ன்னு இருக்கு. எல்லாருக்கும் அதே லைன். நானும் எழுதியிருக்கேன். அப்பா அதை வாங்கிகிட்டு சிரிச்சுகிட்டே தேங்க்யூ சொல்லுவார். அதை நான் நின்னு பாக்கணுமா?"

அறிவுரையை அதோடு விட்டேன்.

"அப்பாகிட்ட சொன்னியா?"

"சொன்னா லீவு போட்டுட்டு வீட்டு ரூம்லயே உக்காந்துக்குவார். என் ஃப்ரெண்ட்ஸ் பாத்துடக் கூடாதுன்னு. அது இன்னும் மோசம் மேம். யார்கிட்டயும் சொல்லாதீங்க, ப்ளீஸ். ரம்யா மிஸ்கிட்ட சொல்லவே சொல்லாதீங்க. அவங்க எங்க அப்பாவை மேடையில ஏத்திடுவாங்க."

பதின்மூன்று வயதுப் பெண் தன் ஆசிரியையை எவ்வளவு சரியாகப் படித்து வைத்திருக்கிறாள் என்பதும் ஓர் அதிர்ச்சிதான். மருத்துவ அறைச் சீட்டு வாங்கித் தருகிறேன், இங்கேயே இரு என்றேன். அவள் தலையாட்டிவிட்டு நான்கு அடி போனாள். திரும்பி வந்தாள்.

"நான் வரலன்னாலும் அவருக்குக் குடுப்பாங்கல்ல?"

"குடுப்பாங்க."

"அப்ப நானும் வரேன். நீங்க என் பக்கத்துலயே நில்லுங்க மேம்."

அவள் போன பிறகு நான் செய்த முதல் காரியம், பயணக் கோப்பை வாங்கிப் பார்த்தது. ஒரு கையெழுத்து விட்டுப் போயிருந்தால் போதும், பயணத்தையே நிறுத்திவிடலாம். என் பணிக்காலத்தில் எத்தனையோ நல்ல காரியங்களை ஒரு கையெழுத்துக்காக நிறுத்திப் பழக்கப்பட்டவள் நான். பாவி, ரம்யா ஒன்றைக்கூட விட்டு வைக்கவில்லை. அப்படி ஒரு சுத்தமான கோப்பை நான் பார்த்ததே இல்லை.

பிறகு ரம்யாவிடம் போனேன். பெயர் சொல்லாமல், அந்த அட்டையை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"ஐயோ மேம், கார்டுதானுங்க மேம் உயிரே! நேத்து வாசிக்கும்போது ரெண்டு பேர் அழுதாங்க, தெரியுங்களா?"

"வகுப்புல யாராவது ஒருத்தரோட அப்பாவே கராஜ்ல வேலை பாத்தா என்ன பண்ணுவ?"

"நம்ம ஸ்கூல்லயா?" அவள் கள்ளமில்லாமல் சிரித்தாள். "சான்ஸே இல்லைங்க மேம்."

இளையவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ரம்யாமேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நாவலை எழுதியவர், பரிசு கொடுத்தவர்கள், எங்கள் தேர்வுக் குழு, எல்லோரும் ரம்யாவைப் போலத்தான் நினைத்திருந்தார்கள். புத்தகத்தில் இருப்பவர்கள் ஓரிடத்தில், அதைப் படிக்கும் பிள்ளைகள் வேறோரிடத்தில் என்று. ஒரு புத்தகத்தை வகுப்புக்கு அனுப்பும் முன், இது யார் வீட்டுக் கதை, அந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு முறை யோசியுங்கள். அந்த யோசனைக்குச் சரிபார்ப்புத் தாளில் கட்டம் கிடையாது.

மறுநாள் காலை பேருந்து சந்தின் முனையில் நின்றது. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. பிள்ளைகள் பெட்டிகளோடு வரிசையாக இறங்கினார்கள். கீர்த்தனா வரிசையின் கடைசியில், நான் அவள் பக்கத்தில்.

கராஜ் வாசலில் எங்களுக்காகப் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். முன்னால் ஒருவர், தலையைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். கீர்த்தனாவின் விரல்கள் என் கையை இறுக்கியதில் அவர் யாரென்று தெரிந்துவிட்டது.

"வாங்க மேடம், வாங்க. புள்ளைங்களா, வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க. வண்டியெல்லாம் வெளிய தள்ளிட்டோம், நெறைய எடம் கெடக்கு." புதுக்கோட்டைப் பேச்சு. அவருடைய பார்வை வரிசையின் முதலிலிருந்து ஒவ்வொரு முகமாக வந்து, மகளின் முகத்தை மட்டும் சுவரைக் கடப்பதுபோலக் கடந்து, என்னிடம் வந்து நின்றது.

அவருக்குத் தெரிந்திருந்தது! எந்தப் பள்ளி வருகிறது என்று அறக்கட்டளைக்காரர்கள் சந்து முழுக்க முன்பே சொல்லியிருக்கிறார்கள். மகளிடம் அவர் மூச்சு விடவில்லை. மகளும் அவரிடம் மூச்சு விடவில்லை. ஒற்றை அறை வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் இரவுச் சாப்பாடு சாப்பிட்டிருப்பார்கள். ஆனால் அவர் லீவு போட்டு ஒளியவில்லை. அந்நியராக நிற்பதென்று தீர்மானித்து வந்திருந்தார்.

பெட்டிகள் கைமாறின. வண்டிகளின் நசுங்கலை நிமிர்த்தும் டெண்டிங் வேலை பார்க்கும் கான் பாய் என்ற பெரியவர் தொப்பியை அங்கேயே போட்டுக்கொண்டு, "கைசா ஹை? ஹீரோ?" என்று, தான் எப்படி இருக்கிறேன் எனப் பிள்ளைகளைக் கேட்டார். "வில்லன்!" என்று ஒருத்தி கத்தினாள். சிரிப்பு எழுந்தது. கீர்த்தனாவின் அப்பாவுக்கு முன்வரிசைப் பெண் ஒருத்தி பெட்டி கொடுத்தாள். "ரொம்ப சந்தோசம்மா" என்று வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அட்டையைத் திறந்து பார்க்கவில்லை. என் கையில் கீர்த்தனாவின் நகம் பதிந்தது.

ரம்யா எல்லோரையும் பேருந்துக்குத் திருப்பப் போனாள். அப்போதுதான் கீர்த்தனாவின் அப்பா உள்ளே திரும்பி ஒரு பெரிய தட்டைத் தூக்கி வந்தார். மலைபோல் சமோசா. பின்னால் இரண்டு பேர் லபன் என்னும் மோர் பாட்டில்கள் அடுக்கிய பெட்டியைச் சுமந்து வந்தார்கள்.

"எங்க மேடம் கெளம்புறீங்க? வந்த புள்ளைங்கள வெறும் வாயோட அனுப்புறதா?"

ரம்யா பதறிவிட்டாள். "நோ நோ, பாய், சாரி. அவுட்சைட் ஃபுட் மாஃபி. ஸ்கூல் ரூல்." அவர் சுத்தமான தமிழில் பேசிக்கொண்டிருக்க, இவள் இந்தியும் ஆங்கிலமும், இல்லை என்பதற்கு மாஃபி என்று அரபியும் கலந்து அவருக்குப் பதில் சொல்கிறாள். கராஜ் ஆள் என்றால் அப்படித்தான் பேச வேண்டும் என்று நாக்கு தானாகவே முடிவு செய்துவிட்டது.

"கஃபட்டேரியாவுல நின்னு சூடா போடச் சொல்லி வாங்கியாந்தது மேடம். நல்ல எண்ணெய்."

"ரூல் பாய், ரூல்."

"சரிங்க மேடம். ரூல்னா ரூல்தான்." சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. தட்டு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. பின்னால் லபன் பெட்டியைச் சுமந்தவர்கள் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள்.

ரம்யா சொன்ன விதி உண்மையானது. அதை எழுதிய குழுவில் நான் இருந்தேன். ஒரு குழந்தைக்குக் கடலை ஒவ்வாமல் மூச்சு முட்டியதற்குப் பிறகு எழுதினோம். இருந்தாலும் அந்த நிமிடத்தில் அது எப்படித் தெரிந்தது தெரியுமா? நாங்கள் சோப்புக் கொடுப்போம், நீங்கள் வாங்க வேண்டும். நீங்கள் சமோசா கொடுத்தால் நாங்கள் தொட மாட்டோம். மேல்நாட்டுப் பரிசு பெற்ற நாவலில்கூட இவ்வளவு பச்சையாக எழுதியிருக்கவில்லை.

கீர்த்தனா என் கையை விட்டாள். தன்னிடம் மீதமிருந்த பெட்டியை என் கையில் திணித்தாள். வரிசையை விட்டு நேராக நடந்து போனாள்.

"அப்பா, தட்டைக் குடுங்க."

சந்தில் எங்கேயோ ஒரு கம்ப்ரெஸர் ஓடிக்கொண்டிருந்தது.

"கீர்த்தி, நீ லைன்ல நில்லு." அவர் குரல் முதல் முறையாகத் தடுமாறியது. "மிஸ்ஸு திட்டுவாங்க."

"திட்டட்டும். குடுங்கப்பா, கை வலிக்குதுல்ல."

வகுப்பு முழுவதும் ரம்யாவைப் பார்த்தது. ரம்யா என்னைப் பார்த்தாள். விதிகளை மனப்பாடமாக வைத்திருந்ததால் எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பெரிய லாபம் அந்த நிமிடம்தான்.

"ரம்யா, வெளிச் சாப்பாடு கூடாதுங்கறது அந்நியர்களுக்கு. பெற்றோர் வகுப்புக்குக் கொண்டுவர்ற பலகாரத்துக்கு, கூட இருக்கற மூத்த ஊழியர் அனுமதி போதும். பிறந்தநாள் கேக்குக்காக எழுதினது. நான் அனுமதி குடுத்தாச்சு." பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். "யாருக்கு என்ன அலர்ஜி? கை தூக்குங்க."

ஒரு கை எழுந்தது. கடலை.

"கடலை போடலம்மா, உருளைக்கெழங்குதான்" என்றார் கீர்த்தனாவின் அப்பா. பிறகு யோசித்து, "எதுக்கு வம்பு, நீ லபன் குடி. ரெண்டு எடுத்துக்க" என்றார். எங்கள் குழு பத்துக் கூட்டம் போட்டு எட்டிய முடிவு அது.

மகளிடம் தட்டைக் கொடுத்தார். அவள் தோழிகள் பக்கம் திரும்பப் போனபோது தோளைத் தொட்டு நிறுத்தினார். "மொதல்ல ஒங்க மிஸ்ஸுக்கு."

கீர்த்தனா தட்டை ரம்யாவின் முன்னால் நீட்டினாள். ரம்யாவின் ஒரு கையில் கொடுக்காமல் மிஞ்சிய பெட்டி. மறு கையால் ஒரு சமோசா எடுத்தாள்.

"இன்னொண்ணு எடுத்துக்கோங்க மிஸ்."

"போதும் கீர்த்தனா..."

"ஒண்ணு மட்டும் எடுத்தா அப்பாவுக்குப் பிடிக்காது மிஸ்."

ரம்யா பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு இரண்டாவதையும் எடுத்தாள். கண் கலங்கியிருந்தது. அதன் பிறகு அங்கே நடந்ததை எந்தப் பயண அறிக்கையிலும் எழுத முடியாது. கான் பாய், "யல்லா, காவோ, காவோ!" என்று விரட்டி விரட்டித் தின்ன வைத்தார். கீர்த்தனாவின் அப்பா எஞ்சின் கழற்றிய ஒரு வண்டியைக் காட்டி, அதன் சொந்தக்காரர் சத்தம் வருகிறதென்று தினமும் வந்து அழுததையும், கடைசியில் இருக்கைக்கு அடியில் அவருடைய பேரனின் கிலுகிலுப்பை கிடைத்ததையும் அபிநயத்தோடு சொன்னார். எல்லோரும் லபன் புரையேறச் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் வெளி உணவு பற்றி விளக்கம் கேட்டு முதல்வரிடமிருந்து ஓலை வந்தது. கொடுத்தவர் பெற்றோர் என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். புத்தகம் என்ன ஆனது என்றுதானே கேட்கிறீர்கள்? அலமாரியிலேயே இருக்கிறது. எனக்குப் பிடிக்காத புத்தகத்தையெல்லாம் எடுத்துவிட்டால் உங்களுக்குத் துடைக்க அடுக்குத்தான் மிஞ்சும். வேண்டியவர்கள் எடுத்துப் படிக்கட்டும். வகுப்பு முழுவதையும் உட்கார வைத்து வாசிக்க அதைக் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்று யாராவது நின்றால், என் காலத்தில் தோற்ற அந்த ஒரு வாக்கை நீங்களும் போடுங்கள்.

அன்று திரும்பும் பேருந்தில் ரம்யா என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுங்களா மேம்?"

"நேத்து."

"ஏன் என்கிட்ட சொல்லலீங்க?"

"சொல்லக் கூடாதுன்னு அவ சொன்னா."

அவள் பையைத் திறந்து அந்த நாவலை எடுத்து, அடையாளம் வைத்திருந்த பக்கத்தைப் பிரித்தாள். மூடினாள். "நாளைக்கு அடுத்த சாப்டர். அவளை உக்கார வெச்சுட்டு நான் எப்படிங்க மேம் வாசிக்கறது?"

அதற்கு என்னிடம் நடைமுறை எதுவும் இல்லை. தெரியவில்லை என்றேன்.

பின்னிருக்கைகளில், யார் அதிகம் சாப்பிட்டது என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. முன்வரிசைப் பெண், கீர்த்தனாவின் அப்பாவிடம் பெட்டி கொடுத்தவள், இருக்கையின் மேல் ஏறி எட்டிப் பார்த்துக் கத்தினாள்.

"கீர்த்தி! உங்க அப்பா மறுபடி எப்போ நம்மளக் கூப்பிடுவார்?"

"எப்ப வேணா வாங்க. பாக்ஸ் மட்டும் கொண்டு வராதீங்கடி" என்றாள் கீர்த்தனா. "எங்க ஒத்தை ரூம்ல வெக்க இடமில்ல, அம்மா திட்டுவாங்க."